பழைய ரெட் ஆக்சைடு தரை: மெருகேற்றலாமா, உடைத்து மாற்றலாமா?

கிராமத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுத் தரையைச் சரிசெய்யப் போகிறோம், இப்படிப்பட்ட வீடுகளில் வேலை செய்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ரெட் ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரை. கூடத்தின் நடுவில் இன்னும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கிறது. ஆனால் சுவரோரம் வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது, சமையலறைப் பக்கம் விரிசல் விட்டு, தட்டினால் பொத்தென்று ஓசை வருகிறது.

மேஸ்திரி அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டிவைத்து மறுநாள் எடுத்தால் அடியில் முத்து முத்தாக நீர் நிற்கிறது, இந்த ஈரத்தை மேலே மூடிவிட்டால் அது மண்சுவரில்தானே ஏறும்? தரை உயர்ந்தால் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டும், நிலைவாசலோ ஏற்கெனவே தாழ்வு.

பொத்தென்று ஓசை வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து ஆக்சைடு கலந்த சிமெண்டால் அடைத்தால் பழைய நிறத்தோடு சேருமா, இல்லை திட்டாகத் தெரியுமா? உப்புக்கு ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள், ஆசிட் சிமெண்டையே அரிக்குமே, வேறு வழி உண்டா? அப்புறம், முழுதும் உடைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் அடியில் ஜல்லியும் சுண்ணாம்புக் கான்கிரீட்டும் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சில மழைக்காலம் கழித்து அது எப்படி இருக்கிறது என்று சொன்னால் பெரிய உதவி. முடிந்தவரை பழைய தரையைக் காப்பாற்றவே ஆசை.