மறுமொழி: அறுத்த பலகையின் மேல் காணும் கோடுகளுக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ஊர்ப்புற மர அறுவை ஆலைகளுக்கான சொற்பட்டியலில், ரம்பத்தின் பற்கள் பலகையின் மேல் விட்டுச்செல்லும் கோடுகளுக்கு 'ரம்ப அடையாளம்' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. கேட்டவுடன் பொருள் விளங்குவது அதன் வலிமை. ஆனால் மரத் தொழிலில் 'அடையாளம்' வேறொன்றுக்குத் தேவைப்படும். வட அமெரிக்க ஆறுகளில் பல உரிமையாளர்களின் கட்டைகள் ஒன்றாகக் கலந்து மிதந்து வந்தபோது, ஆலையருகே அவற்றைப் பிரித்தெடுப்பதற்காக ஒவ்வொருவரும் தமக்குரிய குறியைச் சுத்தியலால் கட்டையின் வெட்டுமுகத்தில் பதித்து அனுப்பினர். அந்தக் குறியும் இதே பட்டியலில் இடம்பெற வேண்டியது. 'அடையாளம்' என்பதை அதற்கென விட்டுவைப்பதே முறை.

மாற்றுச் சொல்லைத் தேடுமுன், அச்சொல் எவற்றையெல்லாம் வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். குழியின் மேல் கட்டையைக் கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் மற்றவர் குழிக்குள் நின்றும் கைரம்பத்தால் அறுத்த பலகையில் கோடுகள் ஒழுங்கின்றி இருக்கும். அறுப்பவரின் கை சளைக்கும்போது சாய்வும் மாறும். அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஓடைக்கரை ஆலைகளில், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நேரான ரம்பத்தை நீர்ச்சக்கரம் மேலும் கீழுமாக இயக்கியது. ஒவ்வோர் இழுப்புக்கும் கட்டை சிறிதளவு முன்னே நகர்ந்ததால், பலகையின் குறுக்கே ஏறத்தாழ ஒரே இடைவெளியில் நேர்க்கோடுகள் விழுந்தன. வட்ட ரம்பத்தின் கோடுகளோ வில்லாக வளைந்திருக்கும். பட்டை ரம்பம் (இரு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் நீண்ட தகட்டு ரம்பம்) வந்தபின் கோடுகள் மீண்டும் நேராயின. ஆனால் அவை மிக நெருக்கமானவை, மெல்லியவை.

வளைந்த கோடுகளிலிருந்து ரம்பத்தின் அளவையே கணக்கிடலாம். வளைவின் இரு புள்ளிகளுக்கிடையே 12 அங்குல நாண் வரைந்து, அதன் நடுவிலிருந்து வில்லின் உயரம் 1 அங்குலம் என்று கண்டால், ஆரம் 18.5 அங்குலம் எனப் பள்ளிக்கூட வடிவியலே சொல்லிவிடும். அதாவது ஏறத்தாழ 37 அங்குலக் குறுக்களவுள்ள வட்ட ரம்பம். ஆலையும் ரம்பமும் மறைந்து, கொட்டகைச் சுவரில் ஒரு பலகை மட்டும் மிஞ்சியிருந்தாலும் இதைச் செய்யலாம்.

இனி, வந்த பரிந்துரைகள். 'வாள்வடு' செவிக்கு இனியது. யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு வாள் என்றால் மரம் அரிவதும் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் அதைப் போர்க்களத்து விழுப்புண்ணாகவே படிப்பார். 'அறுவரி' என்பதை ஆறு வரிகள் என்று பிரித்துவிட வாய்ப்புண்டு. 'அறுப்புவரி' எனக்கு முதலில் பிடித்திருந்தது. எனினும் நெல்லறுப்புக்கு அரசு விதித்த வரியோ என்று ஐயுறுவதற்கும் அதில் இடமிருக்கிறது. 'அறுப்புக்கோடு' என்பதோ, அறுப்பதற்கு முன் தச்சர் நூல் பிடித்துப் போடும் கோட்டுக்கே பொருந்தும். முன்னே போடும் கோட்டையும் பின்னே விழும் கோட்டையும் ஒரே சொல்லால் குறித்தால், பலகையை ஆய்பவர் தடுமாறுவார்.

ஆகவே 'அறுப்புத்தடம்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். 'அறுப்பு' மரவாடியிலும் மில்லிலும் நாள்தோறும் புழங்கும் சொல். அறுப்புக்கூலி என்றுதான் அங்கே கேட்பார்கள். 'தடம்' கருவி கடந்துபோன வழியையும் அது விட்டுச்சென்ற சுவட்டையும் ஒருங்கே உணர்த்துகிறது. இதிலிருந்து கையறுப்புத் தடம், நேர்தடம், வளைதடம் என்று கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன. பட்டை ரம்பத்தினதை 'நெருங்கிய நேர்தடம்' என்று அடைமொழியிட்டுக் குறிக்கலாம். (வளைந்ததை 'வில்+தடம்' என்று சேர்க்கப் போனால், புணர்ச்சி விதி அதை 'விற்றடம்' ஆக்கிவிடும், மரம் விற்ற இடமோ என்று கேட்பார்கள்.)

காலத்தைச் சுட்டும் பெயர்கள் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். 'முற்காலத் தடம்', 'பிற்காலத் தடம்' என்பன அவர் தந்த எடுத்துக்காட்டுகள். இதை நான் ஏற்கவில்லை. அமெரிக்க ஊர்ப்புறங்களில் வட்ட ரம்பம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நன்கு பரவிவிட்டது என்பது உண்மையே. ஆயினும் கனெக்டிகட் மாநிலத்தின் லெட்யார்டில், மேலும் கீழும் இயங்கும் ரம்பத்தைக் கொண்ட நீராலை 1869இல் கட்டப்பட்டது. பழைய முறை நீடித்த ஊர்களில் நேர்தடம் உள்ள பலகை, வளைதடம் உள்ள பலகையைவிட இளையதாகவும் இருக்கலாம். கலைச்சொல் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லட்டும். காலத்தை ஆய்வாளர் முடிவு செய்யட்டும்.

ஆலைகள் மறைந்தபின் நிலத்தில் எஞ்சும் தடயங்களுக்குப் புதுச்சொல் ஆக்கவே தேவையில்லை என்பது என் கருத்து. ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய நீர் வெளியேறும் கால்வாய்க்கு 'வால் ஓட்டம்' என்று ஒருவர் தந்திருப்பது ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு. ஏரிப் பாசனத்தில் ஊறிய மொழிக்கு அது வேண்டியதில்லை. ஆலைக்கு நீர் வருவது வரத்துக்கால், திறந்து மூடுவது மதகு, வெளியேறுவது வடிகால். 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில் ஜேம்ஸ் மார்ஷல் பொன்துகளைக் கண்டது, கட்டிக்கொண்டிருந்த ஒரு மர அறுவை ஆலையின் வடிகாலில்தான் என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

ஆலைக்கு நீர் தேக்கிய அணைக்குப் பின்னால் படிந்த மண்ணுக்குத் தரப்பட்ட 'மரபு வண்டல்' என்பதையும் மாற்ற வேண்டும். மரபு என்றதும் நமக்குப் பண்பாடுதான் தோன்றும். நிலவியலாளர்களான இராபர்ட் வால்டரும் டோரதி மெரிட்ஸும் 2008இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், பென்சில்வேனியா ஓடைகளின் இயற்கைக் கரைகள் என்று கருதப்பட்டவற்றுள் பல, ஆலை அணைகள் தேக்கிய குளங்களில் படிந்த வண்டலே என்று காட்டினர். அணை உடைந்தபின் ஓடை அந்த வண்டலை அறுத்துக்கொண்டு போனதால் செங்குத்தான கரைகள் உருவாயின. 'ஆலைக்குள வண்டல்' என்றால் வந்த இடமும் காரணமும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

கடைசியாக, சில பலகைகளின் ஒரு முனை மட்டும் ஏன் கிழிந்தாற்போல் இருக்கிறது, அதற்குத் தனிச்சொல் வேண்டுமா என்று ஒரு கேள்வி வந்திருந்தது. மரச்சட்ட ரம்ப ஆலைகளில் பெரும்பாலும் கட்டையின் இறுதி வரை அறுக்காமல் சில அங்குலங்களை விட்டு நிறுத்திவிட்டு, எஞ்சியதைப் பிளந்து பலகைகளைப் பிரித்தனர். அதனால் நேர்தடம் பலகையின் ஒரு முனையருகே சட்டென்று நின்று, அதற்கப்பால் நார் கிழிந்த சொரசொரப்பான பகுதி தெரியும். முனையை நறுக்கி எறிந்துவிட்டால் இச்சான்று கிடைக்காது. இதற்குத் தனிச்சொல் வேண்டாம்; நேர்தடத்தின் விளக்கத்திலேயே 'ஒரு முனை பிளந்திருக்கக்கூடும்' என்று சேர்த்துவிட்டால் போதும்.