மறு: பிறெஷர் சுவிட்ச், றிலே – தமிழ்ச் சொற்கள்

> பிறெஷர் சுவிட்ச் = அழுத்த ஆளி, றிலே = அஞ்சல்

'அழுத்த ஆளி' என்றால் விரலால் அழுத்தும் ஹோர்ன் பட்டன் போலக் காதில் விழும். நம் பாடநூல்களில் வரும் 'அமுக்கம்' என்ற சொல்லையே வைத்துக்கொள்வோம். அதைவிடப் பெரிய சிக்கல், ஆளி எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்பது. மொரிஸ் மைனர் காரின் பிரேக் குழாயில் உள்ள ஆளி, அமுக்கம் ஏறினால் மின்னை விடும். எஞ்சினின் எண்ணெய் ஆளி, அமுக்கம் ஏறினால் வெட்டும். எச்சரிக்கை விளக்கு அணைவது அதனால்தான். பாடநூல் 'மூடிய', 'திறந்த' என்று பிரிக்கும். ஆனால் பைப்பை மூடினால் தண்ணீர் நிற்கும், சுற்றை மூடினால் மின் ஓடும். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடையில் கேட்பவர் தலைகீழாக விளங்கிப் பிழையான ஆளியை வாங்கிவருவார். எனவே: அமுக்க இணைப்பாளி, அமுக்க வெட்டாளி.

'அஞ்சல்' தந்திக்குப் பொருந்தும். அங்கே தளர்ந்த குறிப்பை வாங்கி அப்பால் அனுப்பினார்கள். காரில் ஆளியின் ஓட்டம் றிலேக்குள் இருக்கும் மின்காந்தச் சுருளோடு முடிகிறது, விளக்கின் ஓட்டம் வேறு வழியால் வருகிறது. சிறியது ஏவ, பெரியது பாய்கிறது. ஆகவே 'ஏவல் ஆளி'.

சொற்கள் செய்முறையில் நிற்குமா, பாருங்கள்:

பிரேக் விளக்கின் இரண்டு 21 வாற் மின்குமிழ்கள் 12 வோல்றில் 3.5 அம்பியர் இழுக்கும். குளிர்ந்த இழை முதற்கணத்தில் அதன் பல மடங்கு. இணைப்பாளியின் தொடுகை கருகுவதும், மிதியை ஓங்கி மிதித்தால்தான் விளக்கு எரிவதும் இதனால். விளக்குக் கம்பியை இணைப்பாளியிலிருந்து கழற்றி, ஏவல் ஆளியில் 87 என்று இலக்கமிட்ட முனையில் கொடுங்கள் (86, 85, 30 என்பனவும் அதன் முனைகளே). இணைப்பாளியின் அந்த முனையை 86க்கு எடுங்கள். 85 வண்டியின் உடலுக்கு. பற்றரியிலிருந்து 10 அம்பியர் உருகி வழியாக 30க்கு. இனி இணைப்பாளி சுமப்பது 0.2 அம்பியரளவே.

சுருள் விடுபடும்போது எழும் மின்னுதையை அடக்க 85, 86க்குக் குறுக்கே 1என்4007 இருவாயி (டயோட்). மைனர் நேர்முனை உடலில் சேர்ந்த வண்டி. இருவாயியின் ஒரு நுனியில் கோடாகத் தெரியும் பட்டை 85 பக்கம் நிற்கவேண்டும். மாறினால் மிதித்தவுடன் குறுஞ்சுற்று. மறைமுனை உடலுக்கு மாற்றிய வண்டியில் பட்டை 86க்கு.

எண்ணெய் வெட்டாளிக்கு ஒரே முனை. மற்றது அதன் உடலே. மரையில் டெஃப்லோன் நாடாவைத் தடிப்பாகச் சுற்றினால் அந்தத் தொடர்பு அறுந்து, எண்ணெய் அமுக்கம் இல்லாதபோதும் விளக்கு எரியாது. எஞ்சினே போய்விடக்கூடிய பிழை இது.

'வெட்டாளி' முரடாகப் பட்டால் 'துண்டிப்பாளி' எனக்குச் சம்மதம். சுருள் ஓய்ந்திருக்கும்போது 30ஐத் தொட்டிருக்கும் 87ஏ முனைக்கு இப்போதைக்கு 'ஓய்வு முனை' என்று வைத்திருக்கிறேன். மேலான சொல் இருந்தால் எழுதுங்கள்.