ஓவர்கிளாக்கிங்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், சென்னை (திங்கள் காலை)

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிக்குள் இருக்கும் செயலியின் வேகம், வெப்பம், விசிறியின் சுழற்சி ஆகியவற்றைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளி இரவுக்குள் கோப்பை ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. 'ஓவர்கிளாக்' பதினேழு சரங்களில், அதாவது திரையில் தோன்றும் சொற்றொடர்களில், வருகிறது. பொத்தானில் ஏவல், தலைப்பில் தொழிற்பெயர், எச்சரிக்கையில் பெயரெச்சம் என்று இடத்துக்கு ஓர் உரு. முன்பு செய்தவர் 'அதிக கடிகாரம்' என்று எழுதி வைத்திருக்கிறார். 'அதிக கடிகாரம் செய்யவா?' என்று கேட்கும் பொத்தானை எந்தத் தமிழர் அழுத்துவார்?

பொத்தானின் அகலமும் குறைவு. நீளமான சொல்லைப் போட்டால் கடைசி எழுத்து வெட்டுப்பட்டு மெய்யின் புள்ளி மட்டும் தெரிகிறது. கூடவே 'அப்கிரேடு' என்பதற்கும் ஒரு முடிவு சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை

அன்புடையீர்,

ஓவர்கிளாக் என்றால் என்னவென்று பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆலை குறித்துக் கொடுத்த அளவுக்கு மேல் செயலியை ஓட்டுவது; எல்லை கடந்தால் கணினி உறைந்துபோகும் என்றான். அவன் சொல்லி முடிக்குமுன் என் வாயில் குறள் வந்துவிட்டது.

'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.'

மயிற்பீலிதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறியும். வலியறிதல் அதிகாரத்தில் 475ஆம் குறள். இதைவிடப் பொருத்தமான விளக்கம் இந்தத் தொழிலுக்கு யார் எழுத முடியும்? ஆகவே 'மிகு' என்ற வேர் சொல்லில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது கடிகாரம். நம்மிடம் 'கன்னல்' இருக்கிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் பொழுதறிவிப்போர் 'குறுநீர்க் கன்னல்' பார்த்து நாழிகை சொல்கிறார்கள். 'மிகுகன்னல்' என் முதல் பரிந்துரை. வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது.

கணினி வன்பொருள் கடை, ரிச்சி தெரு

ஐயா, வணக்கம். கன்னல்னா கரும்புன்னுதான் எங்களுக்குத் தெரியும். கடைக்கு வர்ற பசங்க பெட்டியைப் பார்த்ததும் கேக்கிறது ஒண்ணுதான்: 'அண்ணே, இது ஓசி ஆகுமா?' ஓவர்கிளாக்ல இருந்து ஓ, சி ரெண்டெழுத்து. காசில்லாம கிடைக்கிறதையும் நாம ஓசின்னுதான் சொல்றோம். ரெண்டும் ஒண்ணாப் பொருந்திப்போச்சு.

எங்க தலைமுறைக்கு இது உண்மையாவே ஓசியாத்தான் இருந்தது. 1998ல இன்டெல் செலரான் 300ஏ வந்தது. அடிப்படைத் துடிப்பு 66.67 மெகாஹெர்ட்ஸ் (66ன்னுதான் சொல்வோம்), அதைப் பெருக்குற எண், அதாவது பெருக்கி, 4.5, மொத்தம் 300. பெருக்கியை மாத்த முடியாது, பூட்டியிருப்பாங்க. ஆனா 66ஐ 100 ஆக்கிட்டா 450. அதே 450 வேகத்துல வந்த பென்டியம் 2 பல மடங்கு விலை. சில தாய்ப்பலகையில 100ஐத் தேர்ந்தெடுக்க வழியே இருக்காது. அப்ப செயலி அட்டையோட விளிம்புல பி21ன்னு ஒரு பின். செல்லோடேப்பை பிளேடால மெல்லிசா நறுக்கி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஒரு பின் மேல மட்டும் ஒட்டணும். பக்கத்துப் பின்னைத் தொட்டா வேலை கெட்டுச்சு. ஒட்டிட்டா பலகை அதை 100 மெகாஹெர்ட்ஸ் செயலின்னு நினைச்சுக்கும். என் விரல் தடிமன். என் தங்கச்சிதான் ஒட்டிக் கொடுப்பா.

பிறகு 2000 வாக்குல ஏ.எம்.டி. கம்பெனியோட ஆத்லான் செயலி. அதுல எல்1னு பொடிப்பொடியா வெட்டுண்ட செம்புக்கோடு இருக்கும். பென்சில் கரியால கோடிழுத்துச் சேர்த்தா பெருக்கி பூட்டுத் திறந்துக்கும். இப்ப அந்த வேலையெல்லாம் இல்லை. இன்டெல்ல 'கே' போட்ட செயலியும் அதுக்கு இடம் கொடுக்கிற தாய்ப்பலகையும் வாங்குங்க, பயாஸ்ங்கிற அமைப்புத் திரைக்குள்ள போய் பெருக்கி எண்ணை மாத்துங்க, முடிஞ்சது.

தகவல் தொழில்நுட்ப ஆசிரியை, யாழ்ப்பாணம்

வணக்கம். நான் சொல்ல வருவது ஒற்றுமை பற்றியது. உங்கள் 'அதிர்வெண்' எங்களுக்கு 'மீடிறன்'. உங்கள் 'திறன்' எங்களுக்கு 'வலு'. இந்தச் சொல்லாவது இரு கரையிலும் ஒன்றாக இருக்கட்டும். 'மிகை அதிர்வெண்ணாக்கம்' என்று வைத்தால் என் வகுப்புக்கு அது அந்நியம். 'மிகைமீடிறனாக்கம்' என்று வைத்தால் சென்னைத் தம்பியின் பொத்தான் உடைந்துவிடும். எங்கள் பிள்ளைகள் இப்போது 'ஓவர்குளொக்' என்றுதான் எழுதுகிறார்கள், நீங்கள் 'ஓவர்கிளாக்' என்கிறீர்கள். கடன் வாங்கியதிலும் ஒற்றுமை இல்லை.

இன்னொரு கவலை. 'செயலி' என்றால் கைப்பேசியில் போடும் ஆப்பும் அதுதான், கணினிக்குள் இருக்கும் சில்லும் அதுதான். 'செயலியை வேகமாக்கு' என்று பொத்தானில் கண்டால் பிள்ளை எதை வேகமாக்க நினைக்கும்?

தமிழாசிரியர், பாளையங்கோட்டை

சகோதரியின் கவலை நியாயமானது. சில்லுக்கு 'நுண்செயலி' என்றே எழுதலாம்.

நேற்று இரவு உறங்கவில்லை. கன்னலை விட்டுவிடுகிறேன், அதைவிடப் பெரிய புதையல் கண்ணெதிரே கிடந்திருக்கிறது. 'கடி' என்னும் உரிச்சொல். தொல்காப்பியர் பத்துப் பொருள் சொல்கிறார்: வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. எண்ணிப் பாருங்கள். விரைவு இருக்கிறது, மிகுதி இருக்கிறது, எரிந்துபோகுமோ என்ற அச்சமும் இருக்கிறது, எரியாமல் காக்கும் காப்பும் இருக்கிறது! ஒரே உரிச்சொல்லில் இந்தத் தொழில் முழுதும் அடங்கிவிட்டது. நன்னூலார் இதைப் பதின்மூன்றாக விரித்து 'கரிப்பு' என்பதையும் சேர்க்கிறார். 'கடிகை' என்னும் நாழிகைப் பெயரும் இந்தக் கடியிலிருந்தே பிறந்திருக்க வேண்டும். 'கடியோட்டம்' என்று முன்மொழிகிறேன்.

இயற்பியல் விரிவுரையாளர், கோவை

ஐயா மன்னிக்க வேண்டும், இரண்டு இடங்களில் உடன்பட முடியவில்லை. 'கடிகை' வடமொழி 'கடிகா'வின் வழிவந்தது. கடம் என்றால் குடம். துளையிட்ட கலத்தில் நீரேறும் நேரத்தைக் கொண்டு நாழிகை அளந்ததால் வந்த பெயர். உரிச்சொல் 'கடி'க்கும் அதற்கும் உறவில்லை. நன்னூலாரின் 'கரிப்பு' காரச்சுவை; சில்லு கருகுவது அன்று. இரண்டாவது, இன்று 'கடி' என்றால் கொசுக்கடி, நாய்க்கடி, மேடைக்கடி. அகராதி கையில் இருந்தால்தான் புரியும் சொல்லைப் பொத்தானில் வைக்கலாமா?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கடிகாரமே இந்தச் சொல்லுக்குள் வரக்கூடாது. ரிச்சி தெரு நண்பர் சொன்ன கணக்கிலேயே விடை இருக்கிறது. அன்று அடிப்படைத் துடிப்பை மாற்றினார்கள். இன்று பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸ் அப்படியே நிற்கிறது. பெருக்கியை 40இலிருந்து 48 ஆக்குகிறோம். 4.0 கிகாஹெர்ட்ஸ் 4.8 ஆகிறது. கடிகாரம் பழைய கடிகாரமே. கூடுவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது. ஆகவே மூலச்சொல் 'துடிப்பு'. நாடித்துடிப்பு, இதயத்துடிப்பு என்று எல்லார் வாயிலும் உள்ள சொல். அதிர்வெண்ணா மீடிறனா என்ற வழக்கும் எழாது.

'முடுக்கம்' வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பாடத்தில் அது திசைவேகம் மாறும் வீதம். 4.8இல் நிலையாக ஓடும் செயலியில் முடுக்கம் எதுவும் இல்லை.

ஓசி என்பதையும் ஏற்க முடியவில்லை. செயலி செலவிடும் இயங்கு மின்திறன் துடிப்புக்கு நேர்விகிதம், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 4.8ஐத் தாங்க 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துடிப்பு 1.2 மடங்கு. அழுத்தம் 1.125 மடங்கு, அதன் இருமடி 1.27. பெருக்கினால் 1.52. ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்குப் பாதிக்கு மேல் கூடுதல் வெப்பம். விசிறி எதுவானாலும் அறை வெப்பத்துக்குக் கீழே செயலியைக் கொண்டுபோகாது. 25 பாகையில் சோதித்து எழுதிய அளவுகளைச் சித்திரை வெயிலில் 38 பாகை அறையில் வைத்தால் அந்தப் பதின்மூன்று பாகையும் ஏறக்குறைய அப்படியே செயலி மேல் ஏறும். 2011இல் ஏ.எம்.டி. எஃப்.எக்ஸ் 8150 செயலியை 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோனார்கள் என்றால் திரவ ஹீலியம் ஊற்றித்தான்.

என் பரிந்துரை: மிகைத்துடிப்பு.

மொழிபெயர்ப்பாளர், சென்னை (புதன் இரவு)

எல்லாருக்கும் நன்றி. மிகைத்துடிப்பைப் பதினேழு சரங்களிலும் போட்டுப் பார்த்தேன். தலைப்பில் அழகாக நிற்கிறது. ஆனால் வினையாக்கினால் 'மிகைத்துடிப்பாக்கு', 'மிகைத்துடிப்புச் செய்யப்பட்ட நுண்செயலி', 'மிகைத்துடிப்புச் செய்யாத நிலைக்குத் திரும்பு' என்றாகிறது. கடைசிச் சரம் திரையின் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. என் அக்கா செவிலியர். தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, 'யாருக்கு டாக்கிகார்டியா?' என்று கேட்டாள். இதயம் அளவுக்கு மேல் வேகமாகத் துடிப்பதற்கு மருத்துவப் பெயர் அது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதே திரையில் 'டர்போ' என்று வேறொரு சரம் உண்டு. வேலை கூடும்போது செயலி தன் வெப்பத்தையும் மின்திறனையும் பார்த்துத் தானாக வேகம் கூட்டிக்கொள்வது அது. ஆலை அனுமதித்த எல்லைக்குள் நடப்பது. அதையும் மிகைத்துடிப்பு என்றால் பிழை.

ஆசிரியை, யாழ்ப்பாணம்

வினைதான் சிக்கல் என்றால் வினையில் தொடங்குவோம். மின்னேற்றம் என்று இரு கரையிலும் வழங்குகிறோம். அது போல 'துடிப்பேற்று'. ஏவலில் துடிப்பேற்று, எச்சத்தில் துடிப்பேற்றிய, எதிர்மறையில் துடிப்பேற்றாத, பெயரில் துடிப்பேற்றம். வேகத்தைக் குறைப்பதற்குத் துடிப்பிறக்கு. 'செய்', 'ஆக்கு' எதுவும் தேவையில்லை.

டர்போவுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. நுண்செயலி தானாகத் துடிப்பேறினால் டர்போ. நாங்கள் துடிப்பேற்றினால் ஓவர்குளொக். ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொற்கள் வேண்டியிருந்தன. எங்களுக்கு ஒரு றகர ஒற்றுப் போதும். இதை நாளைக்கே வகுப்பில் கரும்பலகையில் எழுதப்போகிறேன். ஓடு ஓட்டு, ஆடு ஆட்டு, ஏறு ஏற்று என்று தமிழ்ப்பாடத்தில் படித்த பிள்ளைக்கு இரண்டாவது விளக்கம் தேவைப்படாது.

கணினி வன்பொருள் கடை, ரிச்சி தெரு

டீச்சர், இன்னிக்கு மூணு பசங்ககிட்ட சொல்லிப் பார்த்தேன். முதல் பையன், 'அண்ணே, இதைத் துடிப்பேத்தித் தர முடியுமா'ன்னு சட்டுனு திருப்பிச் சொன்னான். அவன் வாயில அது வளைஞ்சு கொடுத்துச்சு, எனக்கு அது போதும். ரெண்டாவது பையன் ஓசியே நல்லாருக்குன்னான். மூணாவது ஆளு செயலி வாங்க வரலை, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்.எஸ்.டி.ங்கிற வேகமான சேமிப்பகம் மாத்த வந்தவர்.

அப்கிரேடுக்கு 'மேம்படுத்து' வேண்டாம். மென்பொருள் அப்டேட்டுக்கும் அதையே போடுறாங்க; ரேம் போடணுமா, இன்டர்நெட்ல இறக்கணுமான்னு ஜனங்க குழம்புது. 'தரமுயர்த்து'ன்னு வைங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போடுறதும், நாலு ஜி.பி. ரேமை எட்டு ஆக்குறதும் அதுல அடங்கும். சாதாரணக் குடும்பத்துக் கணினிக்குத் துடிப்பேத்துறதைவிட அந்த ரெண்டும்தான் கைமேல பலன்.

விரிவுரையாளர், கோவை

துடிப்பேற்றம் எனக்குச் சம்மதம். பாடத்தில் பெயர்ச்சொல்லாக மட்டும் மிகைத்துடிப்பைத் தொடர்ந்து எழுதுவேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை (வெள்ளி மாலை)

துடிப்பேற்று, துடிப்பேற்றம், துடிப்பிறக்கு, டர்போவுக்குத் துடிப்பேறல், அப்கிரேடுக்குத் தரமுயர்த்து. இந்த ஐந்தையும் ஏற்றி அனுப்பிவிட்டேன். பொத்தானில் எழுத்து வெட்டுப்படவில்லை. மறுப்பு இருந்தால் அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

தமிழாசிரியர், பாளையங்கோட்டை

தம்பி, கோப்பு போய்ச் சேர்ந்ததில் மகிழ்ச்சி. தன்வினை பிறவினை விளக்கம் அருமை. அந்தச் சகோதரிக்கு என் வணக்கம். ஆனாலும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சிக்கனத்துக்காக 2 கிகாஹெர்ட்ஸில் ஓடிய நுண்செயலியை அதன் உரிய அளவான 3க்குக் கொண்டுவருவதும் துடிப்பேற்றம்தான். அதில் எல்லை மீறல் எங்கே? வண்டியில் பீலி ஏற்றுவதை வள்ளுவர் தடுக்கவில்லை, 'சால மிகுத்து' ஏற்றுவதைத்தான் சொன்னார். உங்கள் சொல்லில் வண்டி இருக்கிறது, ஏற்றுவது இருக்கிறது, 'மிகு' இல்லை. குறைந்தது எச்சரிக்கைச் சரத்திலாவது 'மிகுத்துத் துடிப்பேற்றினால்' என்று எழுதுங்கள். அங்கே அகலம் போதுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.