பாப்பா எங்கே உட்காருவாள்?

குழு: தில்லிப் பயணம், நம்ம வீட்டார்
செவ்வாய்க்கிழமை

கயல், இரவு 8:42
எல்லோருக்கும் ஒரு செய்தி. யாழினி அப்பாவுக்கு லீவு ரத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு நானும் யாழினியும் கைக்குழந்தை குட்டியும்தான் வருகிறோம்.

நித்யா, இரவு 8:43
அய்யோ அக்கா. அத்தான் இல்லாமல் இரண்டையும் எப்படிச் சமாளிப்பாய்? நானும் கைக்குழந்தையோடு வருகிறேனே.

கயல், இரவு 8:47
அதைவிடப் பெரிய கவலை விமானத்தில் சீட். நானும் குட்டியும் ஒரு டிக்கெட், 9-ஆம் வரிசை. யாழினிக்குப் பரீட்சை முடியும் தேதி தெரியாததால் அவளுக்கும் அவருக்கும் பிறகுதான் எடுத்தோம், அது 27-ஆம் வரிசை. இப்போது அவர் டிக்கெட்டை மட்டும் கேன்சல் செய்தால் என் பிள்ளை பதினெட்டு வரிசை தள்ளித் தனியாக உட்காருவாள். ஆறு வயதுதான் ஆகிறது. 9-இல் பக்கத்துச் சீட்டெல்லாம் போய்விட்டது.

திலகா பெரியம்மா, இரவு 8:50
ஏறியதும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதே கயல். போன வருடம் நானும் பேரனும் அப்படித்தான் போனோம். எனக்கு முன்னால், அவனுக்குக் கடைசியில். ஒருவர் மாற மாட்டேன் என்றார், இன்னொருவர் காதில் கேட்காததுபோல இருந்தார். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே நடைபாதையில் நின்றான்.

திலகா பெரியம்மா, இரவு 8:52
அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பணம் கட்டி வாங்கிய ஜன்னல் சீட். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் இடத்துக்காக ஊர் பேர் தெரியாதவரிடம் ஒரு பாட்டி கெஞ்சும்படி விட்டார்களே, அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

பிரபு, இரவு 8:58
கயல், எதையும் கேன்சல் செய்துவிடாதே! இப்போதுதான் டியூட்டி முடிந்து பார்க்கிறேன்.

கயல், இரவு 8:58
இன்னும் செய்யவில்லை அண்ணா. ஏன்?

பிரபு, இரவு 9:03
யாழினி மாப்பிள்ளையின் பி.என்.ஆரில், அதாவது அவருடைய டிக்கெட் பதிவு எண்ணில், இருக்கிறாள். அவர் பெயரை எடுத்துவிட்டால் அந்த பி.என்.ஆரில் ஆறு வயதுக் குழந்தை மட்டும் மிஞ்சும். அம்மா இன்னொரு டிக்கெட்டில் அதே விமானத்தில் வருகிறாள் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. துணையில்லாமல் பயணம் செய்யும் குழந்தை என்று எடுத்துக்கொள்ளும். அதற்குத் தனி விதி, தனிக் கட்டணம். காலை நான்கு மணிக்கு ஏர்போர்ட் கவுண்டரில் வந்து இதைச் சரிசெய்வது பெரும் பாடு. எட்டு வருடமாக அந்தக் கவுண்டரில் நிற்கிறேன், அழுதுகொண்டு நிற்கும் அம்மாக்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வசந்தி அத்தை (டொராண்டோ), இரவு 9:06
இந்தியாவில் இதற்குச் சட்டம் ஒன்றும் இல்லையா பிரபு? இங்கே கனடாவில் 2019 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பெற்றவர்களுக்குப் பக்கத்துச் சீட்டேதான். 5 முதல் 11 வரை அதே வரிசை, நடுவில் ஒரு சீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 12, 13 வயது என்றால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளக் கூடாது. இதற்குத் தனிப் பணம் வாங்கவும் முடியாது.

பிரபு, இரவு 9:12
இருக்கிறது அத்தை. 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ., அதாவது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, உத்தரவு போட்டது. 12 வயது வரை உள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் அப்பா அம்மாவோ பாதுகாவலரோ ஒருவருக்குப் பக்கத்தில் சீட் கொடுக்க வேண்டும், கொடுத்ததைப் பதிவும் செய்ய வேண்டும். "அதே பி.என்.ஆர்." என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கயல் விஷயம் சிக்குவது அங்கேதான்.

பிரபு, இரவு 9:14
இன்னொன்று. பக்கத்தில் உட்கார வைப்பார்கள் என்பதுதான் உறுதி. ஜன்னல் வேண்டும், முன் வரிசை வேண்டும் என்றால் அதற்குப் பணம் கேட்கலாம், அதற்கு அனுமதி இருக்கிறது.

கயல், இரவு 9:15
எனக்கு ஜன்னல் வேண்டாம் அண்ணா. கடைசி வரிசை, கழிப்பறைப் பக்கம் கொடுத்தாலும் சரி. அவள் கை எட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

அப்பா, இரவு 9:19
ரயிலில் இந்தத் தொல்லையே இல்லை. டி.டி.ஆரிடம் சொன்னால் போதும், எதிர் பெர்த்காரரும் தானாக எழுந்து கொடுப்பார். மூன்று மணி நேரம்கூட இல்லையே, கொஞ்ச நேரம் தனியாக இருந்தால்தான் என்ன, விமானப் பணிப்பெண் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

பிரபு, இரவு 9:27
மாமா, அழுவாள் என்பதற்காக மட்டும் நான் சொல்லவில்லை. உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் மேலிருந்து ஆக்சிஜன் முகமூடி விழும். 35,000 அடியில் அது இல்லாமல் தெளிவாக யோசிக்கக் கிடைப்பது அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். முதலில் உங்களுக்கு மாட்டுங்கள், பிறகு பிள்ளைக்கு என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்களே, பிள்ளை பக்கத்தில் இருந்தால்தான் அது நடக்கும். ஆறு வயதுக் குழந்தை தானாக இழுத்து மாட்டிக்கொள்ளாது. கயல் மடியில் குட்டியை வைத்துக்கொண்டு பதினெட்டு வரிசை ஓடவும் முடியாது.

பிரபு, இரவு 9:30
அவசரமாக இறங்க வேண்டி வந்தாலும் அப்படித்தான். பாதிக் கதவுகள் மட்டும் திறந்த நிலையிலும் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான ரகத்துக்கு அனுமதியே கிடைக்கும். அந்த நேரத்தில் ஓர் அம்மா பிள்ளையைத் தேடிக் கூட்டத்துக்கு எதிராக நடந்தால் அவளுக்கும் ஆபத்து, பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்து.

அப்பா, இரவு 9:32
சரிப்பா. இது எனக்குத் தோன்றவே இல்லை. என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், பணம் ஆனாலும் பரவாயில்லை.

பிரபு, இரவு 9:36
கயல், இப்போதே கஸ்டமர் கேருக்கு போன் போடு. மாப்பிள்ளையையும் யாழினியையும் முதலில் தனித்தனி பி.என்.ஆராகப் பிரிக்கச் சொல். யாழினி உன்னோடு வருகிறாள் என்று இரண்டு பதிவிலும் குறிப்பு எழுதச் சொல். அப்புறம் சீட். அதன் பிறகுதான் மாப்பிள்ளை டிக்கெட் கேன்சல். இந்த வரிசை மாறக் கூடாது. இரண்டு பி.என்.ஆரை ஒன்றாக்கித் தர மாட்டார்கள், குறிப்புதான் வழி. பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்.

நித்யா, இரவு 9:38
அண்ணா, அப்படியே எனக்கும் அக்கா பக்கத்திலேயே கேட்கலாமா? மூன்று சீட்டில் நான், அக்கா, நடுவில் யாழினி. இரண்டு குழந்தையும் மடியில்.

பிரபு, இரவு 9:43
அது முடியாது நித்யா. ஒரு பக்கத்து மூன்று சீட்டுக்கு மேலே நான்கு முகமூடிதான் இருக்கும். மூன்று பேருக்கு மூன்று, மடிக்குழந்தைக்கு ஒன்று. இரண்டு கைக்குழந்தை என்றால் ஒன்று குறையும். நீ அதே வரிசையில் நடைபாதைக்கு அந்தப் பக்கம் கேள். அக்காவுக்கு டி-இ-எஃப் பக்கம், உனக்கு சி சீட். கை நீட்டினால் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். அவசரக் கதவு வரிசையைக் கேட்காதீர்கள், குழந்தைகளை அங்கே உட்கார விட மாட்டார்கள்.

வசந்தி அத்தை (டொராண்டோ), இரவு 9:45
நான்கு முகமூடி விஷயம் இத்தனை வருடம் பறந்தும் எனக்குத் தெரியாது.

கயல், இரவு 9:46
லைனில் காத்திருக்கிறேன். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது.

திலகா பெரியம்மா, இரவு 9:58
என்ன ஆயிற்று கண்ணு?

கயல், இரவு 10:21
கிடைத்துவிட்டது! அந்தப் பெண் ரொம்பப் பொறுமையாகக் கேட்டாள். பிரித்துவிட்டாள், குறிப்பும் போட்டுவிட்டாள். 9-இல் இடமில்லை. 22-ஆம் வரிசையில் யாழினிக்கு எஃப், எனக்கு இ. நித்யாவுக்கு அதே வரிசையில் சி. நான் முன்பு 9-க்குக் கட்டிய பணம் திரும்ப வராதாம். போகட்டும்.

பிரபு, இரவு 10:24
நல்லது. நாளை மறுநாள் இல்லை, நாளைக் காலையே வெப் செக்-இன் திறக்கும். 6:10 விமானம், 48 மணி நேரம் முன்னால். திறந்ததும் செய்துவிடு. அதே 22 இ, எஃப் காட்டுகிறதா என்று பார். வேறு ஏதாவது காட்டினால் ஒத்துக்கொள்ளாமல் எனக்கு போன் செய். யாழினியின் பிறப்புச் சான்றிதழ், குட்டியின் பிறப்புச் சான்றிதழ் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

யாழினி அப்பா, இரவு 10:40
மீட்டிங்கில் இருந்தேன், இப்போதுதான் எல்லாம் படித்தேன். ரொம்ப நன்றி மச்சான். நான் அவசரப்பட்டு ஆபீஸிலிருந்தே கேன்சல் செய்திருப்பேன். இனி நான்கு பேருக்கும் ஒரே பி.என்.ஆர்.தான்.

புதன்கிழமை

கயல், காலை 6:19
செக்-இன் முடிந்தது. 22 இ, 22 எஃப். 🙏

கயல், காலை 6:20
எஃப் ஜன்னல் சீட்டாம். யாழினியிடம் இன்னும் சொல்லவில்லை, எழுந்ததும் சொல்கிறேன்.