உடனடித் தேவை: வைஃபை ஆபத்து இரண்டுக்குத் தமிழ்ச்சொல் (திங்கள் காலைக்குள்)

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். சிறு வணிகர்களுக்கான கம்பியில்லா வலையமைப்புக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. படிக்கப்போகிறவர்கள் விடுதிக்காரர்கள், தேயிலைக் கடைக்காரர்கள், இலைத் தொழிற்சாலை எழுத்தர்கள். நன்மைகள் பகுதி முடிந்தது. பழைய பங்களாவின் கருங்கல் சுவரைக் குடைந்து ஒயர் இழுக்க வேண்டாம்; கார்டு மெஷின் விருந்தினர் மேசைக்கே போகும்; இலை எடை போட்ட இடத்திலிருந்தே கணக்கு ஏறிவிடும்.

ஆபத்துப் பகுதியில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். ஒன்று, ஊழியர் யாரையும் கேட்காமல் ஒரு ரூட்டரைக் கொண்டுவந்து அலுவலக ஒயரில் செருகிவிடுவது. மற்றது, விடுதி வைஃபையின் பெயரையே வைத்துக்கொண்டு, வெளியே காரில் உட்கார்ந்து வேறொருவன் அலை பரப்புவது. ஆங்கிலத்தில் இதைக் கெட்ட இரட்டை என்ற பொருளில் சொல்கிறார்கள். நம் ஊரில் இரட்டைப் பிள்ளையை யாரும் கெட்டது என்பதில்லை. வைஃபை அலை பரப்பும் கருவியை அணுகுமுனை என்கிறோம்; அதனால் இரண்டுக்கும் பொதுவாக ‘கள்ள அணுகுமுனை’ என்று வைத்திருக்கிறேன். சரியா?

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள தம்பி, இரண்டாவதற்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழைய சொல் இருக்கிறது: பார்வை. வேட்டுவர் பழக்கி வைத்து, அதைக் காட்டி மற்ற விலங்கைப் பிடிக்கும் விலங்குக்கு அந்தப் பெயர். புறநானூறு 320-இல் ‘பார்வை மடப்பிணை’ வருகிறது; பிணை என்றால் பெண்மான். வேட்டுவன் அசந்து தூங்குகிறான். அவன் கட்டிவைத்த பிணையோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து விளையாடுகிறது. மனைவி பார்க்கிறாள். கணவன் விழித்துவிடுவானோ என்று ஓர் அச்சம், கலை பிணையைப் பிரிந்துவிடுமோ என்று இன்னோர் அச்சம். மான்தோலில் உலரும் தினையைக் கோழியும் இதல் என்ற பறவையும் கவர்ந்து தின்றும் அவள் ஓசை எழுப்பி விரட்டவில்லை. இவ்வளவு நுட்பமான இடத்தில் வாழ்ந்த சொல்லை விட்டுவிட்டுக் கள்ளநோட்டுக் கணக்கில் ஏன் சொல் ஆக்க வேண்டும்? தன் இனம் என்று நம்பித்தானே மான் வருகிறது? அதுதானே இங்கும் நடக்கிறது? ‘பார்வைமுனை’ என்பது என் முன்மொழிவு.

கொடைக்கானல், வலையமைப்புப் பொறியாளர்:

ஐயா, பாட்டை இப்போதுதான் எடுத்து வாசித்தேன், நன்றி. ஆனால் பார்வைமுனை என்றால் விடுதிக்காரர் கேமரா என்று நினைப்பார், இல்லையென்றால் தற்கொலைப் பாறை மாதிரி மலையோரம் நின்று காட்சி பார்க்கும் ஓர் இடம் என்று நினைப்பார்.

சொல்லைவிட முக்கியம், கையேட்டில் ‘கடவுச்சொல் வைத்தால் போதும்’ என்று ஒரு வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். வைஃபையில் போகும் தகவலைப் பிறர் படிக்காமல் பூட்டும் முறைகள் உண்டு. அதில் 1997-இல் வந்த டபிள்யூஇபி பூட்டு 2001-லேயே உடைபட்டது. இன்னும் அதில் ஓடும் பழைய கருவிகளை மாற்றச் சொல்லுங்கள். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 நல்ல பூட்டுதான். ஆனால் வரவேற்பறைச் சுவரில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருந்தால், காரில் இருப்பவனும் அதே பெயர், அதே கடவுச்சொல் வைத்துவிடுவான். எந்த அலை வலுவாக வருகிறதோ போன் பெரும்பாலும் அதைப் பிடிக்கும். அலை நம் வேலியோடு நிற்காது, சாலைவரை போகும். அதனால் விருந்தினர் வைஃபை வேறு, பில் போடும் கணினியின் வைஃபை வேறு என்று பிரிப்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஊழியர்களுக்கு ஆளுக்கொரு கணக்கும், இது நம் வைஃபைதானா என்று சர்வரின் (மையக் கணினியின்) மின்னணுச் சான்றிதழைச் சரிபார்க்கும் அமைப்பும் இருந்தால் இன்னும் நல்லது.

சொல்லுக்கு என் வாக்கு: கள்ள வைஃபை.

கூடலூர், தேயிலைத் தோட்ட அலுவலர்:

நான் இதுவரை இங்கே எழுதியதில்லை. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அங்கே எங்கள் தாத்தாவைக் கள்ளத்தோணி என்றுதான் அழைத்தார்கள். முறையாக வந்து மூன்று தலைமுறை கொழுந்து பறித்தவர்களை அப்படிச் சொன்னார்கள். இந்தக் கையேட்டைப் படிக்கப்போகும் எழுத்தர்களில் பலர் எங்கள் பிள்ளைகள். ‘கள்ள’ என்று தொடங்கும் புதுச்சொல் வேண்டாமே. அதோடு, கேட்காமல் ரூட்டர் செருகிய பையன் திருடனும் அல்ல. அவன் அறையில் சிக்னல் வரவில்லை, அவ்வளவுதான். ‘போலி வைஃபை’ என்று இரண்டாவதற்கு மட்டும் வைக்கலாமா?

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ‘கள்ள’வை நானும் விட்டுவிடச் சொல்கிறேன். ஆனால் இலக்கணத்தில் போலி என்பது எழுத்து மாறியும் பொருள் மாறாதது. அறம் அறன் ஆனாலும் அறமே. இங்கே பெயர் மாறவில்லை, பொருள்தான் பறிபோகிறது. நேர் எதிர்! நன்னூல் படித்த மாணவனுக்கு இதை எப்படி விளக்குவது?

கோத்தகிரி, கணினிப் பயிற்றுநர்:

ஐயா, போலிச் சான்றிதழ், போலி மருத்துவர் என்று நாளிதழில் தினமும் வருகிறதே. இன்று என் வகுப்பில் மூன்று சொல்லையும் பலகையில் எழுதி, விளக்கம் சொல்லாமல் பொருள் கேட்டேன். போலி வைஃபை என்றதும் ஒரு பெண் சொன்னாள்: “நம்ம கடை பேர்ல வேற எவனோ வெச்சிருக்கான்.” இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பார்வைமுனைக்கு யாரும் வாய் திறக்கவில்லை.

தனித்தமிழ் வேண்டுமென்றால் வைஃபைக்கு ‘அருகலை’ இருக்கிறது. ‘போலி அருகலை’ ஓசையாகவும் இருக்கிறது. ஆனால் கல்லாவில் நிற்பவரின் வாயில் வைஃபைதான்.

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்:

பெரும்பாலோர் பக்கம் நின்று ‘போலி வைஃபை’ போட்டுவிட்டேன். கூடலூர் அம்மாவுக்கு நன்றி. ‘கள்ள’ எல்லாப் பக்கத்திலும் நீக்கப்பட்டது. ஊழியர் செருகிய ரூட்டருக்குத்தான் இன்னும் சொல் இல்லை. ‘அனுமதியில்லா அணுகுமுனை’ எனக்கே நாக்கில் புரளவில்லை. ‘சொல்லாமல் மாட்டிய ரூட்டர்’ என்றே விட்டிருக்கிறேன். நாளை இரவுவரை திருத்தலாம்.

கொடைக்கானல், வலையமைப்புப் பொறியாளர்:

மின்கம்பத்தில் ‘கொக்கி’ போடுவது என்கிறோமே, ‘கொக்கி ரூட்டர்’?

கூடலூர், தேயிலைத் தோட்ட அலுவலர்:

அதுவும் திருட்டுதானே அண்ணா.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அச்சுக்குப் போகட்டும். அடுத்த பதிப்பில் சொற்பட்டியலின் கடைசியில் ‘பார்வை’க்கு ஒரு வரி ஒதுக்குங்கள் தம்பி. நான் எழுதித் தருகிறேன்.