‘பாட்டில்நெக்’ = குறுமடை? வரைகலை அட்டைக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய மேசைக்கணினியில் வரைகலை அட்டையை மாற்றுவது பற்றிய கையேட்டில் பெரும்பாலான சொற்கள் அமைந்துவிட்டன. தாய்ப்பலகை, மின்வழங்கி, இயக்கி எல்லாம் புழக்கத்தில் இருப்பவை. ‘ஸ்லாட்’டுக்குச் செருகுவாய், ‘லேன்’னுக்கு (அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே தரவு போய்வரும் வழி) தடம் என்று வைத்திருக்கிறேன். இழுபறியில் இருப்பது ‘பாட்டில்நெக்’ ஒன்றுதான், அதாவது ஓர் உறுப்பு மெதுவாக இருப்பதால் மற்றவையும் முழு வேகத்தை எட்டாத நிலை.

‘புட்டிக்கழுத்து’ வேண்டாம், கேட்டதும் சிரிப்புதான் வருகிறது. ‘முட்டுக்கட்டை’யைப் பலர் எழுதுகிறார்கள். ஆனால் முட்டுக்கட்டை போடுவது தேரை நிறுத்தத்தான். இங்கே எதுவும் நிற்பதில்லை. புது அட்டை ஓடத்தான் செய்கிறது, முழு வேகத்தில் ஓடுவதில்லை, அவ்வளவே.

‘குறுமடை’ என்று வைக்கலாமா? வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் மடை விடுகிற அளவுதான் வயலுக்குப் பாயும்.

---

> இங்கே எதுவும் நிற்பதில்லை

இதையே வரையறையின் முதல் வரியாக்கிவிடுங்கள். வேகம் குறைந்தாலும் கணினி அணைந்தாலும் ‘பாட்டில்நெக்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். மின்வழங்கி போதாமல் போவது குறுமடை ஆகாது, அது மின்பற்றாக்குறை. கையேட்டில் அதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

மின்வழங்கியின் மேல் ஒட்டியிருக்கும் மொத்த வாட் எண்ணை நம்பக் கூடாது. 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். 95 வாட் செயலியோடு (சிபியு) 150 வாட் அட்டையைச் சேர்த்தால் 245. மேசைத்திரை வரை ஒழுங்காக வரும். விளையாட்டைத் திறந்து சுமை ஏறியதும் கணினி பட்டென்று அணையும்.

செருகுவாய் அதிகபட்சம் 75 வாட் தரும். 6 ஊசி இணைப்பு இன்னொரு 75, 8 ஊசி இணைப்பு 150. மின்வழங்கியில் 6 ஊசி இணைப்பு இல்லையென்று வன்தட்டுக்கான சாட்டா மின்முனையிலிருந்து மாற்றி (அடாப்டர்) போடுவதைக் கையேடு தடுத்தே ஆக வேண்டும். அந்த முனையில் 12 வோல்ட்டுக்கு உள்ள மூன்று ஊசிகளும் சேர்ந்து 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான் தாங்கும். 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். வெளி மின்னிணைப்பே கேட்காத 75 வாட் அட்டைகள் உண்டு. பழைய கணினிக்கு அவைதான் தோது.

---

குறுமடை அழகாக இருக்கிறது. ஆனால் மடை என்பது மனிதன் கையால் திறந்து மூடுவது. பாட்டில்நெக்கை யாரும் வேண்டுமென்று வைப்பதில்லையே. ‘இடுக்கு’ போதாதா?

எந்தச் சொல்லானாலும் கண்டறியும் பகுதியில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம். அட்டையின் பயன்பாடு 97, 98 விழுக்காட்டில் நின்றால் அட்டை தன்னால் முடிந்ததைச் செய்கிறது; குறை சொல்ல ஒன்றுமில்லை. அது 60-இல் தடுமாறினால் செயலியைப் பாருங்கள். அங்கே பலர் ஏமாறுகிறார்கள். நான்கு கரு (கோர்) உள்ள செயலியில் மொத்தப் பயன்பாடு 30 விழுக்காடு என்று காட்டும், ஆனால் ஒரு கரு மட்டும் 100-இல் முட்டிக்கொண்டு நிற்கும். பணி மேலாளரில் கருக்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு சோதனை: திரைத் துல்லியத்தை 1920×1080-இலிருந்து 1280×720-க்கு இறக்குங்கள். நொடிக்கு வரும் ஃபிரேம் எண்ணிக்கை ஏறவே இல்லையென்றால் இடுக்கு செயலியில்.

---

> இடுக்கு செயலியில்

இதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், செயலிக்குள் ஏதோ மாட்டிக்கொண்டது போல இல்லையா? இடுக்கில் பொருள் சிக்கும். மடையில் நீர் ஓடும், அளவாக. நமக்கு வேண்டியது இரண்டாவது. ‘மடை திறந்த வெள்ளம்’ என்று நகரத்தில் வளர்ந்தவரும் சொல்கிறார், ஆகவே புரியாது என்ற பயமும் இல்லை. முன்னொட்டும் இயல்பாக ஒட்டுகிறது: செயலிக் குறுமடை, தடக் குறுமடை. (‘செயலி’ இப்போது கைபேசி ஆப்புக்கும் போய்விட்டதால் ‘மையச்செயலி’ என்றே எழுதிவிடுகிறேன்.)

தடக் குறுமடைக்கு ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நல்ல எடுத்துக்காட்டு. 16 தடச் செருகுவாயில் உட்காரும், ஆனால் அட்டையில் கம்பியிட்டிருப்பது 4 தடத்துக்குத்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் (செருகுவாய்த் தரநிலை) 4.0 பலகையில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட் கிடைக்கும், 3.0 உள்ள பழைய பலகையில் அதில் பாதி. 4 ஜிபி அட்டை நினைவகம் நிரம்பாதவரை வித்தியாசம் குறைவு. நிரம்பி வழிந்ததும் மிச்சம் முதன்மை நினைவகத்துக்குப் போய், அந்த நான்கு தடங்கள் வழியாகவே வந்துபோக வேண்டும். படம் வெட்டி வெட்டி ஓடுவது அதனால்தான். இதே 3.0 பலகையில் 16 தடமும் உள்ள அட்டைக்கு நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட் உண்டு. ஆக, பழைய பலகைக்கு வாங்குமுன் அட்டையின் தட எண்ணிக்கையைப் பார்ப்பது கட்டாயம்.

---

குறுமடைக்கு என் ஒப்புதல். இரண்டு திருத்தங்கள்.

ஒன்று, வெப்பம் ஏறி அட்டை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வதை இதில் சேர்க்காதீர்கள். அது ‘வேகத்தணிப்பு’. விசிறியில் தூசி துடைத்தால் தீரும். குறுமடை துடைத்துத் தீராது.

மற்றொன்று, மேலே ஒருவர் கேட்டது சரியான கேள்வி. கையால் மூடிய மடையும் உண்டு. விளையாட்டு அமைப்பில் வெர்டிகல் சிங்க் (ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு பொருத்துவது) போட்டிருந்தால் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஃபிரேம் 60-ஐத் தாண்டாது, அட்டைப் பயன்பாடு 50-க்கும் இறங்கலாம். அதைப் பார்த்துவிட்டு மையச்செயலியை மாற்றக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனவே சோதனைக்கு முதல் படி, சிங்கையும் ஃபிரேம் கட்டுப்பாட்டையும் அணைப்பது. இதற்குப் புதுச்சொல் தேவையில்லை, ‘வரம்பு’ போதும். வயலுக்கு நாமே போடுவதும் வரம்புதானே.

---

இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். கையேட்டில் இப்படிப் போகிறது:

“குறுமடை: கணினி நிற்காமல் ஓடும்போதே, ஓர் உறுப்பின் அளவு மற்றவற்றின் வேகத்தைக் கட்டிப்போடும் நிலை. மின்பற்றாக்குறை, வேகத்தணிப்பு, நாமே இட்ட வரம்பு ஆகியவை இதில் அடங்கா.”