'கவிஞர்' போதுமா, 'கவிதாயினி' வேண்டுமா?

மெய்ப்பாளர்:
எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலருக்கு மெய்ப்புத் திருத்தி வருகிறேன். அதில் எழுதியுள்ள பெண்களில் ஒருவர் தம்மைக் 'கவிதாயினி' என்றே அச்சிட வேண்டும் என்கிறார். இன்னொருவரோ அந்தச் சொல்லை அடித்துக் 'கவிஞர்' என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். ஒரே மலரில் இரண்டும் இருக்கலாமா? சொல்லிலிருந்து ஆண்பால், பெண்பால் வேறுபாட்டை நீக்கினால் பண்பாட்டில் ஏதேனும் மாறும் என்று நண்பர்கள் கருதுகிறீர்களா?

இலக்கணப்பித்தன்:
மாறாது. துருக்கி மொழியில் அவன், அவள், அது ஆகிய மூன்றுக்கும் 'ஓ' என்ற ஒரே சொல்தான். ஆயினும் கணவனே குடும்பத் தலைவன் என்ற விதி அந்நாட்டுக் குடிமைச் சட்டத்திலிருந்து 2001இல்தான் நீக்கப்பட்டது. தெலுங்கில் பெண் வந்தாலும் மாடு வந்தாலும் வினைமுற்று 'வச்சிந்தி' என்பதே. அதை வைத்துத் தெலுங்கர் பெண்ணை மாட்டுக்கு நிகராக எண்ணுகிறார்கள் என்போமா? தொல்காப்பியர் பெண்பாலை உயர்திணையில் வைத்தார். அதனால் இங்குள்ள பெண்களுக்குக் கூடுதலாக என்ன கிடைத்துவிட்டது?

கரிசல்காரி:
இலக்கணத்தோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் சொல்வது சரி. வழக்குக்கு வந்தால் கதை வேறு. பலர்பாலுக்குரிய விகுதியை மரியாதைக்காக ஒருவருக்குச் சேர்க்கும்போது தமிழில் ஆண், பெண் வேறுபாடே மறைந்துவிடுகிறது. கபிலருக்கு உள்ள மதிப்பு விகுதி ஔவையாருக்கும் காக்கைபாடினியாருக்கும் குறைவின்றி இருக்கிறது. அந்த மரியாதை இன்று யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அப்பா எப்போதும் 'அவர்', அப்பாவுக்கு அம்மா கடைசிவரை 'அவள்'. கணவனை இழந்தவளைக் குறிக்க எத்தனையோ சொற்கள் புழங்குகின்றன. மனைவியை இழந்தவனின் நிலைக்குத் தொல்காப்பியம் 'தபுதார நிலை' என்று பெயர் சூட்டியிருந்தும், அச்சொல் தமிழாசிரியர்களைத் தாண்டி வெளியே வரவில்லை.

சொல்லை மாற்றுவதில் பயனே இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. 'திருநங்கை' என்ற சொல் அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் இடம்பிடித்த பிறகு, முன்பு கூசாமல் அச்சேறிய இழிசொற்களை எழுதுவதற்கு எழுதுவோரே தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சிறிய மாற்றம் அன்று.

இலக்கணப்பித்தன்:
ஔவையாரை மறந்தது என் பிழைதான். (என் புனைபெயரின் 'அன்' விகுதியும் இப்போது சற்றே உறுத்துகிறது.) ஆனாலும் 'கவிதாயினி' என்று கேட்பவரிடம் 'கவிஞர்' என்பதைத் திணிக்க வேண்டாம், தம்மை எப்படிக் குறிப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

மெய்ப்பாளர்:
அவரவர் விரும்பியபடியே இரண்டையும் விட்டுவிடுகிறேன். கரிசல்காரி அவர்களின் பதிலைப் படித்தபின் மலரின் ஆசிரியர் குறிப்புகளை மீண்டும் புரட்டினேன். பெண்கள் அனைவரின் குறிப்பும் 'இல்லத்தரசி, இரு பிள்ளைகளின் தாய்' என்ற வகையில் தொடங்குகிறது. ஆண்களில் யாருக்குப் பிள்ளைகள் உண்டு என்பது ஓரிடத்திலும் இல்லை. அந்த வரிகளை நீக்கச் சொல்லி இன்றே தொகுப்பாளருக்கு எழுதுகிறேன்.